தண்ணிக்கு வழி விடுங்க, அப்புறம் புல்லைத் தொடுங்க!

பட்டிமன்றத் தலைப்பு: மலை வீட்டு முற்றத்தில் பழுதாகிப்போன செயற்கைப் புல்தரையை – சீர்செய்வதே சரி! அகற்றுவதே சரி!

'சீர்செய்வதே சரி' அணியில் மூன்றாவதாகப் பேசியது

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் இந்த மேடையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, இப்போது ஒன்றுமே தெரியாதவரைப் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! அரங்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

அண்ணன் பத்து நிமிஷம் பேசினார். பத்து நிமிஷத்தையும் பிழிந்தால் ஒரே வார்த்தைதான் மிஞ்சுகிறது: "பிடுங்கி எறி!" புல்தரையில் பாசி பிடிச்சிருக்கா? பிடுங்கி எறி. ஒட்டு விட்டுப்போச்சா? பிடுங்கி எறி. நடுவிலே பள்ளம் விழுந்துட்டுதா? பிடுங்கி எறி. ஐயா, போன மாதம் அண்ணனுக்குப் பல் வலி. அவருடைய நல்ல காலம், அந்தப் பல் டாக்டர் எங்கள் அணியைச் சேர்ந்தவர். பார்த்து, அடைத்து, அனுப்பி வைத்தார். (சிரிப்பு) அதனால்தான் அண்ணன் இன்றைக்கு இவ்வளவு தெளிவாக "பிடுங்கு" என்ற சொல்லை உச்சரிக்கிறார்! (கைதட்டல்)

நான் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். பிடுங்கிட்டீங்க, சரி. எங்கே எறிவீங்க? இந்தக் கேள்வியை நடுவர் ஐயா மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரைக்கும் நான் இதை விடப் போவதில்லை.

முதலில் இந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1965-ல் கூரை போட்ட ஒரு பெரிய விளையாட்டரங்கத்தைத் திறந்தார்கள். ஆஸ்ட்ரோடோம் என்று பேர். உள்ளே நிஜமான புல். கூரையில் வெளிச்சம் வருகிற பலகைகள். ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "கண்ணு கூசுது, மேலே போற பந்து தெரியலை" என்றார்கள். உடனே கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, வெயில் போனது, புல் செத்தது. அப்புறம்தான் 1966-ல் அங்கே செயற்கைப் புல்லை விரித்தார்கள். கவனியுங்கள் ஐயா. இந்தப் புல் பேர் வாங்கியது கூரைக்குக் கீழே! மழை கிடையாது, பனி கிடையாது. அதைத்தான் நாம் கொண்டுபோய்க் குன்னூர் மழையிலும் கொடைக்கானல் மூடுபனியிலும் விரித்திருக்கிறோம். ஏசி அறையில் வளர்ந்த மாப்பிள்ளையை அடைமழையில் நாற்று நடக் கூட்டிப்போன கதைதான்! (சிரிப்பு)

பிறகு 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியைச் செயற்கைப் புல்லில் ஆடினார்கள். நம் ஊருக்கும் வந்தது. 1996 டிசம்பரில் சென்னை ராதாகிருஷ்ணன் மைதானத்தில் சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்ததே, அதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அந்த மாதிரி ஹாக்கித் தரையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அவ்வளவு தண்ணீர் ஊற்றியும் தரை கெட்டுப்போவதில்லை. ஏன்? ஊற்றுகிற தண்ணீர் போவதற்கு அடியில் வழி செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த புல்லுக்கு என்ன ஆச்சு? மலையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள், குழந்தைகள் பள்ளிக்கூடம் வைத்திருப்பவர்கள், முற்றத்தில் நாலு நாற்காலி போட்டு வெயில் காய நினைக்கிறவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். கடைக்காரர் என்ன சொன்னார்? "தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம். போட்டுட்டு மறந்துடலாம்." அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அங்கேதான் வினை வந்தது. மலையில் எதையாவது போட்டுவிட்டு மறக்க முடியுமா? சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு மூன்று நாள் மறந்து பாருங்கள், அதில் பூஞ்சை பூத்திருக்கும்!

மலையின் ஈரத்தைச் சமவெளிக்காரர்கள் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எத்தனையோ ஊர்களுக்கு அது ஒரு வருஷத்து மழை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் அடிக்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வந்து நிற்கும். அது முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் உதகைத் தலைகுந்தாவில் உறைபனி. மழையில்லாத நாளிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். வெயில் அடித்தாலாவது நல்லதா? கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். உதகை 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஈரம் அடியைக் கெடுக்கும். வெயில் நுனியைக் கெடுக்கும்.

இந்த இடத்தில் எங்கள் அக்கா வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அக்காவை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மலைச் சரிவில் வீடு. மேலே தேயிலை, கீழே தேயிலை, அதற்கும் கீழே ஒரு ஓடை. மாடியில் இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். முற்றம் செம்மண். வருகிறவர்கள் செருப்பில் சேற்றோடு படியேறுகிறார்கள் என்று செயற்கைப் புல் போட்டார்கள். போட்டவர் யார் என்ற பேர் நமக்கு வேண்டாம். ரெண்டே நாளில் வேலையை முடித்தார். மண்ணைக் கொத்தினார், மிதித்தார், இரண்டு மீட்டர் அகலச் சுருளை விரித்தார், ஒட்டினார், ஓரத்தில் ஆணி அடித்தார், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வருஷம் பச்சைப் பசேல் என்று இருந்தது. இரண்டாவது வருஷம் ஐப்பசி அடைமழை. நடுவில் ஒரு குழி, அதில் தண்ணீர். ஒட்டு வாய் பிளந்தது. மரநிழல் விழுகிற பக்கம் பாசி. பச்சைப் புல்லில் பச்சைப் பாசி, கண்ணுக்குத் தெரியுமா ஐயா? அக்காவின் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், கால் வழுக்கி விழுந்து, ஊன்றிய கையில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல், "யாராவது ஊட்டி விடுங்க" என்று கேட்கவும் கூச்சப்பட்டு, அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துபோனதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு மாமாவுக்கு வந்ததே கோபம்! "முதல்ல இந்தச் சனியனைப் பிடுங்கி எறி" என்றார். அண்ணனும் அதைத்தான் சொல்கிறார். பெற்றவள் விழுந்த வலியில் ஒரு மகன் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்? அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அக்கா நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்: "எங்கீங்க எறியறது?"

மாமா கையை நீட்டினார். எந்தப் பக்கம்? கொல்லைப்புறம். சரிவு.

நடுவர் அவர்களே! மலையில் "எறி" என்றால் அதற்கு "உருட்டி விடு" என்றுதான் அர்த்தம். அந்தச் சரிவுக்குக் கீழே ஓடை. ஓடை குன்னூர் ஆற்றில் சேரும்; அது பவானியில் சேரும்; பவானி சாகர் அணைக்கு வரும்; ஈரோட்டுக்காரர் வயலுக்கும் குடத்துக்கும் போகும். இந்தப் புல் எதில் செய்தது? பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், நைலான். பேரில் புல், பிறப்பில் பிளாஸ்டிக். தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நீலகிரி அதற்குப் பல வருஷம் முன்னாலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட மாவட்டம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு மலை ஏறாதே என்று சுற்றுலாக்காரரைத் தடுக்கிற மலையில், நானூறு சதுர அடி பிளாஸ்டிக்கைச் சரிவில் உருட்டிவிட்டு, "நான் இயற்கைக்கு மாறிட்டேன்" என்று சொன்னால், அந்த இயற்கையே சிரிக்காதா? (கைதட்டல்)

"பழைய பேப்பர்காரரிடம் போடலாமே" என்று அண்ணன் முணுமுணுப்பது காதில் விழுகிறது. போட முடியாது அண்ணா. புல் ஒரு வகைப் பிளாஸ்டிக். அதைத் தாங்குகிற அடித்துணி வேறொரு வகை. துணியின் முதுகில் ரப்பர்ப் பால் பூச்சு. மேலே மணல். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. பிரிப்பது பெரும்பாடு. உருக்கி மறுபடி பயன்படுத்த எல்லா ஊரிலும் வசதி கிடையாது.

அக்கா என்ன செய்தாள்? கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வயதான ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் புல்லைத் தொடவே இல்லை. முற்றத்தைச் சுற்றி நடந்தார். மேல்பக்கத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். ரசமட்டத்தை வைத்தார். பிறகு சொன்னார்: "அம்மா, புல்லு இன்னும் கெட்டுப்போகலை. தண்ணிக்குப் போக்கிடம் இல்லை. அது பாவம், எங்கே போகும்? இங்கேயே உக்காந்திருக்கு."

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் என்ன சொல்கிறார்? நோய் என்ன என்று பார், அது எதனால் வந்தது என்று பார், தீர்க்கிற வழியைப் பார், அப்புறம் செய் என்கிறார். எம்.பி.பி.எஸ். படிக்காத அந்தக் கொத்தனார் அதைத்தான் செய்தார். குழி, ஒட்டுப் பிளவு, பாசி என்ற மூன்றும் மூன்று நோய் மாதிரித் தெரியும். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: தேங்கின தண்ணீர். மேலே மட்டும் ஒட்டுப் போட்டால் அது புண்ணுக்குப் புனுகு பூசின கதை. நாங்கள் சீர்செய்யச் சொல்வது அந்தப் பூச்சு வேலையை இல்லை ஐயா!

தாய்மார்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கோ உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கோ உதவும். அந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் காலம். மழையில் கை வைக்கவில்லை. தை பிறந்து நாலு நாள் நல்ல வெயில் காய்ந்த பிறகுதான் ஆரம்பித்தார். ஓரத்து ஆணிகளைப் பிடுங்கி, புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டித் திண்ணையில் வைத்தார். அடியில் பார்த்தால், மூன்று இடத்தில் செம்மண் கரைந்து ஓடிப் பொந்து விழுந்திருக்கிறது. மலையில் தண்ணீர் வானத்திலிருந்து மட்டுமா வருகிறது? மேல்சரிவிலிருந்து மண்ணுக்குள்ளேயே ஊறிப் பக்கவாட்டில் வருகிறது. சமவெளியில் புல் போட்டுப் பழகினவர்களுக்கு இது தெரிவதில்லை. அதனால் கொத்தனார் முதலில் முற்றத்தின் மேல்ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டினார். அதில் ஓட்டை போட்ட பிவிசி குழாயைப் பதித்து, சுற்றிலும் ஜல்லியைக் கொட்டினார். மேலிருந்து ஊறி வருகிற தண்ணீர் முற்றத்துக்குள் நுழையாமல் அந்த வழியே சுற்றிக்கொண்டு போகட்டும் என்று. அதைச் சரிவின் விளிம்பில் சும்மா விடவில்லை. வீட்டின் பழைய கல் வடிகாலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மலையில் தண்ணீரை விளிம்பில் விட்டால் மண் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பதை அந்த மலைக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது படுக்கை. நாலு அங்குலம் மண்ணை எடுத்தார். மண்ணும் ஜல்லியும் கலக்காமல் இருக்கத் தண்ணீர் வடிகிற துணி ஒன்றை விரித்தார். அதன்மேல் மூன்று அங்குலம் ஜல்லி, அதற்குமேல் ஒரு அங்குலம் பொடிச் சிப்ஸ். திமிசு போட்டு இறுக்கினார். வாட்டம் பார்த்தார். வாட்டம் என்றால் கொத்தனார் பாஷையில் தண்ணீர் ஓடுகிற சரிவு. பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்!

மூன்றாவதுதான் புல். அடித்துணியை நன்றாகக் காய வைத்தார். கிழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார், மேலே இருந்து வெட்டாமல் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கம் வெட்டினார். மேலே இருந்து வெட்டினால் புல் இழை அறுபடும். ஒட்டுத் துணிக்கு என்ன செய்தார் தெரியுமா? புதுச் சுருள் வாங்கவில்லை. வெயிலில் வெளுத்த பழைய புல்லுக்குப் பக்கத்தில் புதுத் துண்டு வைத்தால், நரைத்த தலையில் ஒரு இடத்துக்கு மட்டும் சாயம் அடித்த மாதிரி இருக்கும்! (சிரிப்பு) அண்ணன் தலையைத் தடவுகிறார், நான் பொதுவாகத்தான் சொன்னேன்! பலகை போட்டு மறைந்திருக்கிற ஒரு மூலையில் இருந்து அதே பழைய புல்லில் ஒரு துண்டை எடுத்தார். புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. பட்டுப்புடவையில் ஜரிகை ஓட்டம் பார்த்துத் தைக்கிற மாதிரி, அந்தச் சாய்வு ஒரே பக்கம் வரும்படி வைத்தார். இரண்டு விளிம்புக்கும் அடியில் ஒட்டுப் பட்டையை விரித்து, பாலியூரித்தேன் பசை தடவினார். அந்தப் பசை காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிற வகை. "அப்போ மலைக்கு ரொம்ப நல்லதாச்சே" என்று மாமா கேட்டார். "காத்துல ஈரம் இருக்கலாம் சாமி, துணியில தண்ணி நிக்கக் கூடாது. நின்னா பசை நுரைச்சுப் பொங்கிடும், பிடிப்பு போயிடும்" என்றார் கொத்தனார். மேலே மணல் மூட்டையை அடுக்கி, ஒரு பகல் ஒரு இரவு யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கடைசியாகப் பாசி. மரக்கிளையை வெட்டி வெயிலும் காற்றும் வர வழி செய்தார். வெயில் படாத இடத்தில் எந்த மருந்து போட்டாலும் பாசி மறுபடி வரும். பாசியை நன்றாகக் காய விட்டு, முரட்டு நைலான் பிரஷால் புல்லின் சாய்வுக்கு எதிராகத் தேய்த்தார்கள். கம்பி பிரஷ் கூடாது, இழையைச் சீவிவிடும். மிச்சம் இருந்ததுக்குத் தண்ணீர் கலந்த வினிகர். பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டவில்லை, ஏனென்றால் கீழே ஓடை. பிறகு இழைகளுக்கு நடுவில் காய்ந்த சிலிக்கா மணலைத் தூவி நிமிர்த்தினார்கள்.

எல்லாம் சேர்த்து, புதிதாகப் போட்ட செலவில் பாதிகூட ஆகவில்லை. அந்தப் பணமும் எங்கே போனது? ஜல்லிக்கும் உழைத்தவர் கூலிக்கும் போனது. அத்தை இப்போதும் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். முற்றத்து ஓரமாக மாமா ஒரு கைப்பிடிக் கம்பி நட்டுக்கொடுத்திருக்கிறார். அதுவும் சீர்செய்வதில் சேர்த்திதான். (கைதட்டல்)

இப்போது எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன். "இயற்கைப் புல்தான் மலைக்கு அழகு" என்றார் அண்ணன். ஒப்புக்கொள்கிறேன். புதிதாக முற்றம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்டால், "செயற்கைப் புல் வேண்டாங்க" என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் இன்றைய தலைப்பு ஏற்கெனவே விரித்துப் பழுதான புல்லைப் பற்றியது. மேலும் அண்ணன் "நம்ம மண்ணின் புல்" என்று உருகினாரே, மலை வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கிற கிக்குயூப் புல் எந்த ஊர்? கிழக்கு ஆப்பிரிக்கா! கென்யாவில் இருக்கிற கிக்குயூ மக்களின் பேரைத்தான் அது வைத்திருக்கிறது. அதுவும் நம் சோலைப் புல்வெளிகளில் புகுந்து பரவுகிற புல். சரி, அதையே நடுங்கள். அடியில் வாட்டம் இல்லாத மண்ணில் அதுவும் அழுகும். மண்புழுவைத் தேடி இரவில் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். ஆக, இயற்கைப் புல்லுக்கு மாறினாலும் முதல் வேலை தண்ணீருக்கு வழி செய்வதுதான். அது எங்கள் அணியின் வேலை! எதிரணி ஜெயித்தாலும் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும்! (கைதட்டல்)

அண்ணன் வலுவாக ஒன்று சொன்னார்: "அந்தப் புல் இழை உதிர்ந்து தண்ணீரில் கலக்குதே, அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" நியாயமான பயம். விளையாட்டுத் தரையில் போடுகிற ரப்பர்த் துகள் போன்ற நுண்பிளாஸ்டிக் விற்பனையை நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தரைகளுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், வீட்டுப் புல்லில் ரப்பர்த் துகள் போடாதீர்கள், மணல் போடுங்கள். முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற வாயில் பொடிக்கண் வலை ஒன்று கட்டுங்கள். உதிர்ந்த இழை அதில் நிற்கும், வாரம் ஒருமுறை அள்ளுங்கள். ஒட்டு விட்டு, மடங்கி, வழுக்கு வழுக்கென்று தேய்கிற புல் அதிகம் உதிருமா, சீராக நிற்கிற புல் அதிகம் உதிருமா? சரிவில் உருட்டிவிட்ட சுருள் மொத்தமும் வெயிலில் பொடிந்து ஓடைக்குப் போகுமே, அதற்கு எந்த வலை கட்டுவீர்கள்?

எங்கள் அணி கண்மூடித்தனமாகப் பேசவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சீர்செய்ய முடியாத நிலையும் உண்டு. ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையோடு வந்தால், முதுகுப் பூச்சு உளுத்துவிட்டது. இழையை விரலில் வைத்துத் தேயுங்கள். பொடியானால், வெயில் அதைத் தின்றுவிட்டது. அதற்கு ஒட்டுப் போடுவது வீண். அப்போது அகற்றுங்கள். அதையும் மரியாதையாக அகற்றுங்கள். மணலை உதறி எடுத்து, நன்றாக இருக்கிற பாகத்தை வெட்டி, ஒட்டுத் துண்டுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி, உள்ளாட்சிக் குப்பை வண்டிக்காரரிடம் கேட்டு ஒப்படையுங்கள். சரிவு குப்பைத்தொட்டி கிடையாது.

சீர்செய்து முடித்தால் மறுபடி மறந்துவிடலாமா? கூடாது. வைகாசியில், மழைக்கு முன்னால், வடிகாலைக் குத்திவிடுங்கள். புரட்டாசியில், இரண்டு மழைக்கும் நடுவில், உதிர்ந்த இலையை வாரி, ஒட்டுகளைத் தடவிப் பாருங்கள். விரல் நுழைந்தால் உடனே கவனியுங்கள். அது விரல் அளவில் இருக்கும்போது பத்து நிமிஷ வேலை, கை அளவு ஆனால் பத்து நாள் வேலை. மார்கழி உறைபனியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் மிதிக்காதீர்கள், சுரண்டாதீர்கள். இழை விறைத்து நிற்கும், முறியும். வெயில் வரட்டும், தானே உருகும். மலைக்காரர்களுக்கு இந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

நீலகிரியில் தோடர்களைப் பாருங்கள். அவர்கள் கோயிலுக்கு மலைப் புல்லால் கூரை. அந்தக் கூரை பழசானால் இடித்துத் தள்ளிவிட்டு வேறு கட்டடமா கட்டுகிறார்கள்? ஊர் கூடிப் புல் அறுத்து வந்து, மறுபடி வேய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வேய்கிறார்கள். அந்த மலையில் ஒரு பொருளை வைத்திருப்பது என்றால், அதைத் திரும்பத் திரும்பக் கவனிப்பது என்று அர்த்தம். அவர்கள் புல் மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகும். நம்முடைய புல் தொழிற்சாலையிலிருந்து வந்தது, அது மண்ணாகப் போகாது. மண்ணுக்குத் திரும்புகிற புல்லையே அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால், மண்ணுக்குத் திரும்பாத புல்லை வாங்கி விரித்த நமக்கு எவ்வளவு அக்கறை வேண்டும்?

நடுவர் அவர்களே! மணி அடிக்கக் கை போகிறது, பார்த்துவிட்டேன். ஒரே நிமிஷம். வாங்கும்போது நாம் ஆசைப்பட்டு வாங்கினோம். அது ஆடம்பரமோ, அவசியமோ, இன்றைக்கு நம் முற்றத்தில் இருக்கிறது. பழுதானவுடன் அதை ஓடைக்கும் ஈரோட்டுக்காரர் குடத்துக்கும் தள்ளிவிட்டு நாம் கையைக் கழுவக் கூடாது. அது உழைக்கிற வரைக்கும் உழைக்க வைத்து, வழுக்காமல் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்கு ஒரு வழியும் செய்து கொடுத்தால், முற்றத்தில் நடக்கிற கிழவிக்கும் நல்லது, கீழே ஓடுகிற ஆற்றுக்கும் நல்லது. 'எங்கே எறிவீர்கள்?' என்ற என் கேள்விக்கு எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் பதில் சொல்லட்டும். அவர் சொல்லும் இடம் எந்த ஓடைக்கும் மேலே இல்லாமல் இருந்தால், நானே எழுந்து கை தட்டுகிறேன். அதுவரைக்கும், பழுதான செயற்கைப் புல்தரையைச் சீர்செய்வதே சரி, சீர்செய்வதே சரி!

(பலத்த கைதட்டல்)